ரோஸ்டர் பலகையில் ஒட்டிய அந்தத் தாளைக் கழற்றுங்கள்

இலங்கை மலையகத்தில் நான் கடமையாற்றும் அரசாங்க வைத்தியசாலையின் மருத்துவ அத்தியட்சகர் அவர்களுக்கும் மேட்ரன் அவர்களுக்கும்,

போன வாரம், கடமை நேர அட்டவணை ஒட்டும் ரோஸ்டர் பலகையில் ஒரு தாள் ஏறியது. மேலே சிங்களத்தில் தலைப்பு, கீழே ஆறு பெயர்கள், பக்கத்தில் ஆறு கைத்தொலைபேசி எண்கள். தமிழ் பேசும் தாதியர்கள் எந்த வாட்டிலிருந்து எந்நேரம் அழைத்தாலும் மொழிபெயர்க்கப் போக வேண்டுமாம். கடமையில் இல்லாத நாளில் தொலைபேசியிலாவது பதில் சொல்ல வேண்டுமாம். இது வழமையான வேலைக்கு மேலதிகமானது என்று கடைசி வரியில் இருந்தது. என் பெயர் மூன்றாவது. என்னை யாரும் கேட்கவில்லை. மற்ற ஐந்து பேரையும் கேட்கவில்லை.

அதே வாரம் எனக்கு இன்னொரு கடிதமும் வந்தது. கடமை நேரத்தில் அனுமதியில்லாமல் வாட்டை விட்டுப் போனது ஏன் என்று ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும். இரண்டு தாளிலும் ஒரே கையொப்பம்.

உள்ளே மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதனால் இதை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். வைத்தியசாலையின் பெயரை எழுதவில்லை. அரச ஊழியர் வெளியே எழுதுவது பற்றித் தாபன விதிக்கோவை என்ன சொல்கிறது என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் கீழே என் பெயரும் இல்லை. ஆனால் கையெழுத்தைப் பார்க்காமலே இது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தமிழ் பேசும் தாதியர் ஆறு பேர்தானே.

விளக்கம் கேட்டீர்கள். சொல்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பெண்கள் வாட்டில் 34 கட்டில், 51 நோயாளர். கட்டில் இல்லாதவர்கள் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். காலை 7 மணியிலிருந்து பகல் 1 மணி வரையான கடமைக்கு நாங்கள் மூன்று பேர். பதினொன்றே முக்காலுக்கு அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. மலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி கொட்டி, லொறியில் 14 பேரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். "தெமள மிஸ் கெனெக் இன்னவாத?" தமிழ் மிஸ் யாராவது இருக்கிறாரா? வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் போனேன். அதுதான் நீங்கள் கேட்ட அனுமதி. எழுத்தில் இல்லை, கண் ஜாடையில் கிடைத்தது.

அங்கே நான் செய்த வேலை என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சின்ன டொக்டர் ஒவ்வொருவரிடமும் மூச்சு விடச் சிரமமா என்று கேட்கிறார். முதல் பெண் "மூச்சு வாங்குது" என்றாள். குளவிக்குப் பயந்து சரிவில் ஓடிய களைப்பு அது, உட்கார வைத்தால் இறங்கிவிடும். மூன்றாவது பெண் "மூச்சு முட்டுது" என்றாள். ஒரு மூலையில் சுவரோடு சாய்ந்து, சத்தமே போடாமல் இருந்த ஒரு சிறுபெண், கழுத்தில் கை வைத்துக்கொண்டு "அடைக்குது மிஸ்ஸி" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னதைத் தொண்டை வலி என்று குறித்து வைத்திருந்தார்கள். நான் டொக்டரின் கையைப் பிடித்து அவளிடம்தான் முதலில் இழுத்துக்கொண்டு போனேன். அட்ரினலின் ஏறிய பிறகுதான் அவளுடைய உதடு பழைய நிறத்துக்கு வந்தது. வாங்குவதற்கும் முட்டுவதற்கும் அடைப்பதற்கும் நடுவில் ஓர் உயிர் இருந்தது. முதல் இரண்டுக்கும் அங்கிருந்த தாளில் "ஹுஸ்ம கன்ன அமாருய்", மூச்சு விடச் சிரமம், என்று ஒரே வரிதான் எழுதியிருந்தது.

நான் அங்கே இருந்தது ஐம்பது நிமிடம். அந்த நேரத்தில் என் வாட்டில் என்ன நடந்தது?

என் பொறுப்பில் ஓர் அறுபது வயது அம்மா இருந்தார். பகல் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலினை நான்தான் போட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு வந்தது. சோறும் மீன்கறியும். வெள்ளிக்கிழமை அவர் மாமிசம், மீன் தொட மாட்டார். மீன் குழம்பு ஊற்றிய சோற்றையும் தொட மாட்டார். அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்ததை வேண்டாம் என்றால் மிஸ்ஸி கோபிப்பார் என்று தட்டைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுத்துவிட்டார். நான் வாட்டில் இருந்திருந்தால் சாப்பாடு வந்த கையோடு "என்னம்மா, இன்னைக்கு விரதமா?" என்று கேட்டிருப்பேன். வெள்ளிக்கிழமைகளில் எப்போதும் கேட்பேன், விரதக்காரர்களுக்குப் பருப்பும் சோறும் தனியாக வாங்கி வைப்பேன். மற்ற இரண்டு தாதியருக்கும் அது தெரியாது. பசியில்லை போல என்று நினைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி, "மிஸ்ஸி, இந்தம்மாவுக்கு உடம்பெல்லாம் தண்ணியா ஊத்துது" என்று கத்தியபோது இரத்தத்தில் சீனி 48க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி எழுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். அவருடைய மகன் முறைப்பாடு செய்தார். செய்ய வேண்டியதுதான், நான் அவர் இடத்தில் இருந்தாலும் செய்திருப்பேன்.

அந்த முறைப்பாட்டுக்கு நீங்கள் கண்டுபிடித்த பதில்தான் எனக்கு வந்த விளக்கக் கடிதம். அது திரும்ப நடக்காமல் இருக்க நீங்கள் கண்டுபிடித்த மருந்துதான் பலகையில் ஒட்டிய பட்டியல். ஒரு தாதியை வாட்டை விட்டு இழுத்ததால் வந்த வினைக்கு, ஆறு பேரை எந்நேரமும் இழுக்கலாம் என்று சட்டம் போட்டிருக்கிறீர்கள். இதை நான் இரண்டு தடவை வாசித்தேன், மூன்றாவது தடவை சிரிப்பு வந்துவிட்டது.

நான் இந்த மண்ணில், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா முப்பது வருடம் கூடை சுமந்தவர். நான் சிங்களம் படித்து, தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் பயின்று வந்தவள். எனக்கு இரண்டு மொழி தெரியும் என்பது பெருமைதான். ஆனால் அதை நீங்கள் என் நிறம், என் உயரம் போல ஏதோ பிறப்போடு வந்த ஒன்றாகப் பார்க்கிறீர்கள். அது வேலை என்று உங்கள் கணக்கில் எங்குமே இல்லை. என்னுடைய மாதாந்தச் சம்பளச் சிட்டையில் இல்லை, ரோஸ்டரில் இல்லை, வருடாந்த மதிப்பீட்டில் இல்லை. தவறு நடந்தால் மட்டும் விளக்கக் கடிதத்தில் வருகிறது.

இந்த நாட்டில் தமிழும் அரசகரும மொழி என்பதற்கு அரசியலமைப்பு இருக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தம், 1988இல் 16ஆவது திருத்தம், 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம். 2007 யூலை 1ஆம் திகதிக்குப் பின் அரச சேவைக்கு வந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றுநிருபமும் வந்தது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மலையகத் தமிழர்கள். சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. சட்டம் வாட்டு வாசல் வரை வந்து செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நிற்கிறது.

அந்தத் தமிழ்ப் பரீட்சை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குறை சொல்வதற்காக இல்லை, நான் சொல்லப் போகும் சிங்களத் தாதித் தங்கச்சி நல்ல பிள்ளை. தெற்கிலிருந்து புதிதாக வந்தவள், தமிழ்ப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவள். இருமலோடு வந்த ஓர் இளம் பெண்ணுக்கு மார்பு எக்ஸ்ரே எழுதியிருந்தார்கள். அந்தப் பெண் சுற்றிலும் ஆம்பிளைகள் நிற்பதைப் பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாக, "நா முழுகாம இருக்கேன் மிஸ்ஸி" என்றாள். தங்கச்சி சிரித்துக்கொண்டே சுத்தமான தமிழில், "பரவாயில்லை அக்கா, நாளைக்குக் குளிக்கலாம்" என்று சொல்லி எக்ஸ்ரே அறைக்கு அனுப்பிவிட்டாள்.

நான் நடைபாதையில் எதிரே வந்ததால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். மூன்று மாதம். பாடப்புத்தகத்தில் "கர்ப்பிணி" என்றுதான் இருக்கிறது. எங்கள் தோட்டத்துப் பெண் யாரும் தன்னைக் கர்ப்பிணி என்று சொல்லி நான் கேட்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்தத் தங்கச்சி அழுதுவிட்டாள். இப்போது அவளிடம் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. அதில் முழுகாமல் இருப்பது, தலைக்கு ஊற்றுவது, பச்சை உடம்புக்காரி, கரிக்குது, கடுக்குது, பிசையுது, இழுக்குது என்று சிங்கள எழுத்தில் நாற்பது சொல் எழுதி வைத்திருக்கிறாள். சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. இந்த வைத்தியசாலையில் நடந்த ஒரே உருப்படியான மொழிப் பயிற்சி அதுதான். அதற்கு உங்கள் அனுமதியும் வாங்கவில்லை.

தாதியர் கல்லூரியில் மெடலின் லெய்னிங்கர் என்ற அமெரிக்கத் தாதியின் கோட்பாட்டைப் படித்தோம். நோயாளியின் பண்பாட்டை அறியாமல் பராமரிப்பு முழுமையாகாது என்று சொன்னவர். அவருடைய சூரிய உதயப் படத்தை மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில் வரைந்தேன். வாட்டுக்கு வந்த பிறகு அந்தப் படத்துக்கு அர்த்தம் தெரிந்தது ஒரு தாலிக்கயிற்றில். சத்திரசிகிச்சைக்கு அனுப்பும்போது உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. அவசரத்தில் ஒரு பெண்ணின் தாலியைக் கத்தரிக்கோலால் நறுக்கி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் மயக்க மருந்து ஏறும் வரைக்கும் கதறினாள். தியேட்டருக்கு உயிரோடு போய் விதவையாகத் திரும்பப் போகிறோம் என்ற பயம் அவளுக்கு. நாடித் துடிப்பு 130. எங்கள் பக்கத்தில் இதற்கு வழி இருக்கிறது. முதல் நாளே சொல்லிவிட்டால் மாமியாரோ அம்மாவோ வந்து, மஞ்சள் கிழங்கு முடிந்த ஒரு கயிற்றைக் கழுத்தில் போட்டுவிட்டு, அதன் பிறகு தங்கத்தைக் கழற்றுவார்கள். அவளே தன் கையால் கழற்றித் தருவாள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, முதல் நாளே சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

"நேற்றே ஏன் வரவில்லை?" இந்தக் கேள்வியை எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறார்கள் என்று நின்று எண்ணிப் பாருங்கள். காய்ச்சலோடு பெரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போய்ப் பேர் போட்டுவிட்டு, பகல் கொழுந்தை எடை போட்ட பிறகு வந்தால் அரைப் பேராவது, அரை நாள் சம்பளமாவது, மிஞ்சும் என்று கணக்குப் போட்டு வருகிறவளிடம் கேட்கப்படுகிற கேள்வி அது. அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை, சொன்னாலும் யாருக்கும் விளங்காது என்று தெரிந்து நிற்கிறாள். பிள்ளைப்பேற்று விடுதியில் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க மாட்டேன் என்கிறவளை அழுக்குக்காரி என்று திட்டுவதும், புருஷன் பெயரைக் கேட்டால் வாய் திறக்காத கிழவியை மூளை கலங்கியவள் என்று எழுதுவதும் இதே வகை. ஒவ்வொன்றும் சின்னது. ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் எண்ணி வைத்தேன். ஆறு மணி நேரக் கடமையில் பதினேழு தடவை. இடையில் என்னுடைய சொந்த நோயாளர் பதினேழு பேரும் இருந்தார்கள்.

இப்போது சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஓர் இரவுக் கடமை. மாலை 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை. அதற்கு முந்தைய காலைக் கடமையையும் நான்தான் செய்தேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் வாட்டிலிருந்து மட்டும் மூன்று தாதியர் வெளிநாடு போய்விட்டார்கள், அந்த இடங்கள் இன்னும் காலி. அதிகாலை மூன்று மணிக்குள் மகப்பேற்று விடுதியிலிருந்து ஒரு தடவை, ஆண்கள் வாட்டிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுப் போய் வந்திருந்தேன். வந்து உட்கார்ந்ததும் கடைசிக் கட்டில் பாட்டி கூப்பிட்டார். தண்ணீர் வேண்டும். கொடுத்தேன். மறுபடி கூப்பிட்டார். போர்வை. மறுபடி கூப்பிட்டார். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை, சும்மா பேசத்தான். நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, என் வாயில் அதுவரை வராத சத்தத்தில் கத்தினேன். "சும்மா கெட. ஒனக்கு மட்டுந்தான் நோவா? தோட்டத்தாளுங்கன்னாலே இப்பிடித்தான்." என்னுடைய தமிழில்தான் கத்தினேன். மற்றவர்கள் சிங்களத்தில் சொல்லும்போது என் நெஞ்சைச் சுடும் அதே வார்த்தை.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ நம்ம புள்ளன்னு நெனச்சேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று காலை வீட்டுக்குப் போய் யூனிபோமைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பாட்டி மீது எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் இருந்தது. என் அம்மாவின் வயது அவருக்கு. அம்மாவைப் போலவே கொழுந்துக் கறை விரல்.

இதற்கு ஆங்கிலத்தில் பேர்ன்அவுட் என்று பெயர். பணிச்சோர்வு என்று தமிழில் எழுதினால் ஒரு நாள் நன்றாகத் தூங்கினால் தீர்ந்துவிடும் போல் தொனிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இதை ஒரு நோயாகப் பட்டியலிடவில்லை. வேலைத்தளத்தில் தீர்க்கப்படாமல் கிடக்கும் நாட்பட்ட அழுத்தத்தால் வருவது என்றுதான் சொல்கிறது. அதற்கு மூன்று அடையாளம்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை என்ற எண்ணம். உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் 1981இலேயே இதை அளக்கக் கேள்விக்கொத்து தயாரித்தவர். அவருடைய மூன்றில் இரண்டாவது, நோயாளியை ஆளாகப் பார்க்காமல் போவது. எனக்கு நடந்தது அதுதான், பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில், அதிகாலை மூன்றரைக்கு.

நோயாளர்களின் மனம் அறிந்து நடக்கத் தெரிந்தவர்களுக்கு இது வராது என்று ஒரு பேச்சு இருக்கிறது. தெரியாமல் தடுமாறுகிறவருக்குத்தான் அழுத்தம் அதிகமாம். பாதி உண்மை. என் சிங்களத் தோழிகள் நோயாளி சொல்வது விளங்காமல், தாங்கள் சொல்வதும் போய்ச் சேராமல், ஊமைப் பாஷையில் ஆறு மணி நேரம் வேலை செய்து முடிக்கும்போது அவர்கள் முகத்தையும் பார்க்கிறேன். ஒருத்தி சொன்னாள், "அக்கா, நான் இங்கே நல்ல நர்ஸ் இல்லை, ஊருக்குப் போனால்தான் நான் நல்ல நர்ஸ்." இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மற்றப் பாதி உண்மை என்னைப் போன்றவர்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது ஆறு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தால், ஐம்பது பேருடைய சுமை அந்த ஆறு தலையில் இறங்குகிறது. தெரியாதவர்கள் தெரியாமல் தேய்கிறார்கள். நாங்கள் தெரிந்து தேய்கிறோம். உங்கள் பட்டியல் இரண்டு பக்கத்தையும் அப்படியே வைத்து ஆணி அடித்துவிட்டது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது தெரியும். புதிதாக ஆள் எடுக்க ஆளணி அங்கீகாரம் கொழும்பிலிருந்து வர வேண்டும். நிதி இல்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்துக்குப் பின் மேலதிக நேரக் கொடுப்பனவுக் கணக்கு மாறியபோது தாதியர் பகல் இடைவேளையில் வெளியே வந்து நின்றதை நீங்களும் பார்த்தீர்கள், நீங்களும் என்ன செய்வீர்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் தாளை ஒட்டக் கொழும்பில் கேட்கவில்லையே. கழற்றவும் கேட்கத் தேவையில்லை.

முதல் கோரிக்கை அதுதான். பட்டியலைக் கழற்றுங்கள். எங்கள் தொலைபேசி எண்களை நோயாளரும் சிற்றூழியரும் பார்க்கும் பலகையில் போட யாருக்கும் உரிமை இல்லை. எனக்கு மட்டுமே இதுவரை முன்பின் தெரியாத மூன்று எண்ணிலிருந்து அழைப்பு வந்துவிட்டது, அதில் ஒன்று ஆஸ்பத்திரி விஷயமே இல்லை.

இரண்டாவது, வெளிநோயாளர் பிரிவிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் மகப்பேற்று விடுதியிலும் ஒவ்வொரு கடமை நேரத்துக்கும் ஒரு மொழி உதவியாளரை நியமிக்க மாகாணத்துக்கும் அமைச்சுக்கும் ஆளணிக் கோரிக்கையை எழுத்தில் அனுப்புங்கள், அதன் பிரதியை எங்களுக்கும் காட்டுங்கள். அது வரும் வரை வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவின் நிதியில் இரண்டு பேரையாவது நாட்கூலிக்கு எடுங்கள். உயர்தரம் சித்தியடைந்து, இரண்டு மொழியும் பேசிக்கொண்டு, வேலை தேடி நகரத்துக் கடைகளில் நிற்கிற பிள்ளைகள் சுற்றிவரத் தோட்டங்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கு மருத்துவச் சொற்களையும், நோயாளி சொன்ன இரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதையும் நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு நிபந்தனை, நோயாளியோடு வரும் பத்து வயதுப் பிள்ளையை வைத்து அம்மாவின் கருப்பைக் கதையை மொழிபெயர்க்கும் வேலை அன்றோடு நிற்க வேண்டும்.

மூன்றாவது, அதுவரைக்கும் ஒரு தாதியை இன்னொரு வாட்டுக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், கூப்பிட்டவர் யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அவளுடைய நோயாளரை அந்த நேரத்தில் யார் பொறுப்பெடுத்தார் என்று ஒரு கொப்பியில் இரண்டு வாட்டின் சிஸ்டரும் கையொப்பமிட வேண்டும். அந்த நேரம் கடமை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும், கடமை முடிந்த பிறகு என்றால் மேலதிக நேரமாக. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, கோடு போட்ட கொப்பி ஒன்று போதும்.

நான்காவது, பயிற்சி. ஓய்வு நாளில் மண்டபத்தில் உட்கார வைத்து ஸ்லைட் காட்டும் பயிற்சி வேண்டாம், போன வருடம் ஒன்று நடந்தது, பாதிப் பேர் தூங்கினோம். கடமை நேரத்துக்குள், வாட்டிலேயே, மாதம் இரண்டு மணி நேரம் தாருங்கள். தோட்டங்களில் வீடு வீடாகப் போகும் குடும்ப நல உத்தியோகத்தர்களை வரவழையுங்கள், பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கும் அக்காமாரை வரவழையுங்கள். அந்தத் தங்கச்சியின் நாற்பது சொல் கொப்பியை எடுத்து, திருத்தி, நூறாக்கி எல்லா வாட்டுக்கும் அச்சடித்துக் கொடுங்கள். மேலே அவளுடைய பெயரைப் போடுங்கள். வெள்ளிக்கிழமையும் விரத நாட்களிலும் மரக்கறிச் சாப்பாடு எத்தனை பேருக்கு என்று காலையிலேயே கேட்டு எழுதும் ஒரு பத்தியைச் சமையலறைத் தாளில் சேருங்கள். சத்திரசிகிச்சைக்கு முந்தைய நாள் சரிபார்க்கும் படிவத்தில் தாலி பற்றி ஒரு வரி சேருங்கள்.

கடைசியாக, எனக்கு அனுப்பிய விளக்கக் கடிதத்தை என் தனிப்பட்ட கோவையிலிருந்து எழுத்தில் வாபஸ் பெறுங்கள். அந்த அம்மாவின் மகனிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நடந்ததை அவரிடம் முழுதாகச் சொன்னேன். நீங்களும் அவருக்குச் சொல்ல வேண்டும். அன்று தவறியது ஒரு தாதியா, 51 நோயாளருக்கு மூன்று பேரை வைத்து அதில் ஒருவரையும் கழற்றி அனுப்பிய ஏற்பாடா என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

குளவி கொட்டிய 14 பேர் வந்து நின்றால் நாளைக்கும் ஓடுவேன். அதற்குப் பட்டியல் தேவையில்லை. மற்ற அழைப்புகளுக்கு, கொப்பியில் கையொப்பம் இல்லாமல் என் வாட்டை விட்டு இனி நான் அசைய மாட்டேன். மற்ற ஐந்து பேரும் இதையே முடிவு செய்திருக்கிறார்கள், தனித்தனியாக உங்களுக்கு எழுதியும் கொடுப்பார்கள்.

அடுத்த மாத ரோஸ்டர் 25ஆம் திகதி ஒட்டப்படும். அதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும், சிங்களத்திலும் தமிழிலும். நாளை காலை 7 மணிக்கு எனக்குக் கடமை. பெண்கள் வாட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
பட்டியலில் மூன்றாவது பெயர்